இ.எஸ்.ஏ. லெட்டர்: பத்து நிமிடத்தில் கிடைப்பது ஏன் உதவாது?

மனநலம்: கேள்வி–பதில்

அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருக்கும் வாசகர்களிடமிருந்து சில மாதங்களாக ஒரே விஷயத்தைச் சுற்றிக் கேள்விகள் வருகின்றன: 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' லெட்டர், சுருக்கமாக இ.எஸ்.ஏ. லெட்டர். யாரிடம் வாங்குவது, எவ்வளவு நாளாகும், எது செல்லும்? அங்கே தொழில் செய்யும் தமிழ் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவர் பதில் அளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: போன வருஷம் ஊரில் அம்மா தவறிவிட்டார். விசா ஸ்டாம்பிங் சிக்கலால் காரியத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அதிலிருந்து தூக்கம் சரியில்லை. காலையில் எழுந்து லேப்டாப்பைத் திறப்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஊர் மாறிப் போன தோழி ஒருத்தி தன் பூனையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அது வந்தபின் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அபார்ட்மென்ட்டில் மாதாமாதம் பெட் ரென்ட்டும், தனியாக டெபாசிட்டும் கேட்கிறார்கள். ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்பினால் பத்து நிமிடத்தில் இ.எஸ்.ஏ. லெட்டர் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா டாக்டர்?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வேண்டாம். ஏன் என்பதற்கு முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

வீடு வாடகைக்கு விடுவதிலும் விற்பதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1968-ல் அமெரிக்காவில் வந்தது ஃபேர் ஹவுசிங் சட்டம். உடலிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு 1988-ல் கிடைத்தது. அப்படிப்பட்ட ஒருவர் மற்றவர்களைப் போல அந்த வீட்டில் வாழ ஏதாவது ஒரு விதியைத் தளர்த்த வேண்டியிருந்தால், நியாயமான அளவுக்குத் தளர்த்தித் தர வேண்டும். 'நாய், பூனை கூடாது' என்பதும் அத்தகைய விதிதான். இந்த வழியில் அனுமதி பெறும் பூனையைச் சட்டம் செல்லப்பிராணியாகக் கணக்கெடுப்பதில்லை. அதனால் பெட் ரென்ட்டோ பெட் டெபாசிட்டோ கேட்க முடியாது. பூனை கார்ப்பெட்டைக் கிழித்தால் அந்தச் செலவு மட்டும் உங்கள் தலையில்தான்.

சக்கர நாற்காலியில் வருபவரின் சிரமம் லீஸிங் ஆபீஸ்காரரின் கண்ணுக்குத் தெரியும். உங்கள் சிரமம் தெரியாது. அதனால் நம்பத்தகுந்த ஆதாரம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. 'இவரை எனக்குத் தெரியும், இவருடைய நிலைமையை நான் மதிப்பிட்டிருக்கிறேன், இந்த விலங்கு இவருக்குத் தேவை' என்று லைசென்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வதுதான் இ.எஸ்.ஏ. லெட்டர். பத்து நிமிடப் படிவத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. கட்டணம் கட்டி, நாலு கேள்விக்குப் பதில் சொல்கிற எவருக்கும் கிடைக்கிற சான்றிதழ் தன்னளவில் போதுமான ஆதாரம் ஆகாது என்று மத்திய அரசின் வீட்டுவசதித் துறையே 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பில் எழுதியது. இத்தகைய குறிப்புகள் ஆட்சிக்கு ஆட்சி மாறலாம், திரும்பப் பெறப்படலாம். சட்டம் கேட்கும் ஆதாரம் மாறுவதில்லை.

இந்தத் தளங்கள் இன்னும் இரண்டு சரக்கு விற்கின்றன: 'தேசியப் பதிவேட்டில்' உங்கள் பூனைக்கு ஒரு எண், கழுத்தில் மாட்ட ஓர் அடையாள அட்டை. அமெரிக்க அரசு அப்படி எந்தப் பதிவேடும் நடத்தவில்லை. அட்டைக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது பெட் ரென்ட்டைப் பற்றி. என் கண்ணில் பட்டது அதற்கு முந்தைய வரிகள். அம்மா போய் ஒரு வருஷமாகியும் தூக்கம் திரும்பவில்லை, வேலை தொடங்க முடியவில்லை. கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போன துக்கம் சுலபத்தில் ஆறாது. இது அந்தத் துக்கமாகவே இருக்கலாம், மனச்சோர்வு நோயாக மாறியிருக்கலாம். ஓராண்டு கடந்தும் தணியாமல் வாழ்க்கையை முடக்கும் துக்கத்தைத் தனி நோயாகவே 2022-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சேர்த்துக்கொண்டது. தைராய்டு குறைந்தாலும் இதே அசதி வரும். இதில் எது என்று கண்டுபிடித்தால்தான் வைத்தியம் தொடங்கும். பத்து நிமிட லெட்டர் உங்களுக்கு மிச்சப்படுத்துவது பெட் ரென்ட். கைநழுவ விடுவது இந்தக் கண்டுபிடிப்பு.

கேள்வி: முறையான மதிப்பீடு என்றால் உள்ளே என்னதான் நடக்கும்? யாரிடம் போக வேண்டும்? என்னென்ன கேட்பார்கள்? ஆங்கிலத்தில் அலுவலக விஷயம் பேசுவேன், மனசில் இருப்பதைச் சொல்ல வராது.
– வாசகர், நார்த் கரோலினா

பதில்: மனநல மருத்துவர், சைக்காலஜிஸ்ட், லைசென்ஸ் பெற்ற சோஷியல் ஒர்க்கர் அல்லது கவுன்சிலர் ஆகிய யாரிடமும் போகலாம். உங்களை நன்றாக அறிந்த குடும்ப டாக்டரும் எழுதலாம். நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். மாநில லைசென்சிங் போர்டின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். வீடியோ வழியாகப் பார்ப்பதும் சரிதான், ஆனால் எதிரே ஓர் ஆள் இருந்து உங்களோடு பேச வேண்டும்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சுதான். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, அதற்கு முன் எப்படி இருந்தீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இதுபோல உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், மது உண்டா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பதற வேண்டாம். அது எல்லோரிடமும் கேட்பது. மறைக்காமல் சொல்லுங்கள்.

கூடவே சிறிய வினாத்தாள்கள் தரலாம். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்று ஏழு கேள்விகள், மொத்தம் 21. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்பதுதான் இரண்டிலும் கேள்வி. பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மதிப்பெண்ணே நோய் என்று ஆகிவிடாது. பேச்சோடு சேர்த்துத்தான் அதற்குப் பொருள்.

அடுத்ததுதான் இந்த மதிப்பீட்டின் நடுநாயகம். நோயின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. வாழ்க்கையின் முக்கியமான காரியம் ஒன்றையாவது அது கணிசமாக முடக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தூக்கம், கவனம், வேலை, தன்னைத் தான் பார்த்துக்கொள்வது, நாலு பேரோடு பழகுவது எல்லாம் அதில் வரும். 'டென்ஷனாக இருக்கிறது' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. 'வாரத்தில் நாலு நாள் விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்துவிடுகிறேன், அப்புறம் தூக்கமில்லை, மாதத்தில் மூன்று மீட்டிங்காவது தவறிப்போகிறது' என்று சொன்னால் புரியும்.

அதன்பின், விலங்கு என்ன செய்கிறது என்று கேட்போம். 'நாய் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறது' என்பது நாய் வளர்க்கும் எல்லோரும் சொல்வது. மூன்று மணிக்கு எழும்போது நாய் பக்கத்தில் வந்து படுத்ததும் படபடப்பு இறங்குகிறதா? அதை வெளியே கூட்டிப் போக வேண்டுமே என்பதற்காகவாவது வீட்டைவிட்டு இறங்குகிறீர்களா? அது இல்லாத நாட்களில் என்ன நடந்தது? உங்கள் முடக்கத்துக்கும் அந்த விலங்குக்கும் இடையே உள்ள இந்தத் தொடர்புதான் லெட்டரின் உயிர்.

விலங்கைப் பற்றியும் கேட்பார்கள்: குணம் எப்படி, யாரையாவது கடித்ததுண்டா, தடுப்பூசி போட்டாயிற்றா, பகலில் யார் பார்ப்பது? ஜெஃப்ரி யங்ரன், கசாண்ட்ரா போனஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2020-ல் வெளியிட்ட கட்டுரை, இந்த மதிப்பீட்டுக்கு நான்கு தூண்கள் வேண்டும் என்றது: எழுதுபவருக்குச் சட்டம் தெரிந்திருப்பது, ஆளை முழுமையாக மதிப்பிடுவது, விலங்கை மதிப்பிடுவது, ஆளும் விலங்கும் சேர்ந்திருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது. எல்லோரும் நான்கையும் செய்வதில்லை. செய்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். நம்மவர்கள் மனச்சோர்வை உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள்: உடம்பு அசதி, தலைபாரம், நெஞ்சை அடைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. அப்படியே சொல்லுங்கள். அதுவும் சரியான தகவல்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேளுங்கள். மனைவியையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அவர்கள் எதிரே சொல்ல முடியாதவை சில இருக்கும்.

கேள்வி: சன்னிவேலில் இருக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் புது அபார்ட்மென்ட்டுக்கு மாற வேண்டும். லேப்ரடார் வைத்திருக்கிறேன். புது தெரபிஸ்ட் ஒருவரைப் பிடித்தேன். 'முப்பது நாள் ஆகும்' என்கிறார். இழுத்தடிக்கிறாரா?
– வாசகர், கலிபோர்னியா

பதில்: இல்லை, சட்டத்தைப் பின்பற்றுகிறார். ஏ.பி. 468 என்ற கலிபோர்னியாச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நாய்க்கு இ.எஸ்.ஏ. லெட்டர் எழுதுபவருக்கு அந்த மாநிலத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். லெட்டர் தருவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே அவருக்கும் உங்களுக்கும் சிகிச்சை உறவு தொடங்கியிருக்க வேண்டும். கிளினிக்கல் மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஒருவர் உங்களுக்கு 'இன்றே லெட்டர்' என்றால், அவரைத் தவிர்க்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

ஐயோவா, லூசியானா, ஆர்கன்சா, மொன்டானா ஆகிய மாநிலங்களும் முப்பது நாள் விதியை ஏற்படுத்தியிருக்கின்றன. ஃபுளோரிடாவில் வேறு மாதிரி. வெளிமாநில டாக்டர் எழுதுவதாக இருந்தால் அவர் உங்களை ஒருமுறையாவது நேரில் பார்த்துச் சிகிச்சை தந்திருக்க வேண்டும். பொய்யான ஆவணம் கொடுப்பது அங்கே குற்றம்.

இரண்டு வாரத்துக்கு என்ன செய்வது? ஏற்கெனவே ஒரு டாக்டரோ தெரபிஸ்டோ உங்களைப் பார்த்து வந்திருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். முப்பது நாள் அவரிடம் எப்போதோ முடிந்திருக்கும். யாருமே இல்லையென்றால், புது வீட்டின் விதிப்படி நாயைச் செல்லப்பிராணியாகவே சேர்த்துக்கொண்டு, லெட்டர் வந்தபின் கோரிக்கை வையுங்கள். குடி வந்தபிறகும் கேட்கலாம். சட்டத்தில் தடை இல்லை.

கேள்வி: எச்-1பி-யில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். என் மனைவிக்கு பேனிக் அட்டாக் வருகிறது. டாக்டரிடம் போனால் 'மனநோய்' என்று பதிவாகி, விசாவிலும் வேலையிலும் கைவைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. லெட்டரில் நோயின் பெயர் இருக்குமா?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: இந்தப் பயத்தால் வைத்தியத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் நிறைய. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லெட்டரில் நோயின் பெயர் இருக்கத் தேவையில்லை. சட்டப்படியான குறைபாடு இருக்கிறது, அதனால் இந்த விலங்கு தேவைப்படுகிறது என்ற இரண்டு செய்தி போதும். அவற்றோடு எழுதியவரின் பெயர், லைசென்ஸ் வகை, எண், மாநிலம், தேதி, கையெழுத்து இருக்கும். வீட்டு ஓனர் உங்கள் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்க முடியாது. டாக்டரும் உங்கள் மனைவியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஓனரிடம் எதுவும் பேச மாட்டார்.

அலுவலகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லெட்டர் போவது லீஸிங் ஆபீசுக்கு. பல கம்பெனிகளில் ஊழியர் உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கும். அதில் குடும்பத்தாருக்கும் சில கவுன்சிலிங் அமர்வுகள் இலவசமாகக் கிடைக்கலாம். எச்.ஆர். இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் மனநலமும் பார்க்கப்படும் என்பது உண்மை. ஆனால் அங்கே தேடுவது தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நடத்தையோடு கூடிய நோயை. பேனிக் அட்டாக்குக்கு ஒருவர் சிகிச்சை பெறுகிறார் என்பது அந்தத் தடையில் வராது. உங்கள் வழக்கில் வேறு சிக்கல் இருந்தால் குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஃபேர் ஹவுசிங் சட்டப் பாதுகாப்பு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உரியது என்று எங்கும் இல்லை. விசாவில் இருப்பவருக்கும் அது உண்டு.

கேள்வி: என் மகள் முதல் வருஷம் பட்டப்படிப்பு சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் முயல் வைத்துக்கொள்ள இ.எஸ்.ஏ. லெட்டர் வேண்டும் என்கிறாள். ஹாஸ்டலுக்கும் இது செல்லுமா? செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோமோ என்றும் யோசனை.
– ஒரு தாய், ஒஹையோ

பதில்: செல்லும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகத்தில் ஒரு மாணவிக்குச் சிறிய நாயை வைத்துக்கொள்ள அனுமதி மறுத்தபோது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. மாணவர் விடுதிக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டம் பொருந்தும் என்று 2013-ல் நீதிமன்றம் சொன்னது. 2015-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்பின் பல பல்கலைக்கழகங்கள் இதற்கென்று விண்ணப்ப முறை வைத்திருக்கின்றன.

விண்ணப்பம் போக வேண்டியது மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகத்துக்கு. கல்லூரியின் கவுன்சிலிங் சென்டரே லெட்டர் தந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். சிகிச்சை தருவோம், சான்று தர மாட்டோம் என்பதைப் பல சென்டர்கள் கொள்கையாக வைத்திருக்கின்றன. வெளியே ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கலாம். விலைக்கு வாங்கிய லெட்டரை அந்த அலுவலகம் முதல் பார்வையிலேயே கண்டுகொள்ளும். அனுமதி கிடைத்தாலும் முயல் அறையோடு சரி. வகுப்பறைக்கோ உணவுக்கூடத்துக்கோ கொண்டுபோக முடியாது. அறைத்தோழிக்கு அலர்ஜி இருந்தால் யாராவது ஒருவரை அறை மாற்றுவார்கள்.

செல்லம் கொடுக்கிறோமா என்று கேட்டீர்கள். மகளிடம் வேறொன்று கேளுங்கள்: 'முயல் இல்லாதபோது உனக்கு என்ன ஆகிறது?' அவள் சொல்லும் பதில் உங்களுக்குப் புதிதாக இருந்தால், லெட்டர் இருக்கட்டும், முதலில் டாக்டரைப் பாருங்கள். பதில் 'தோழி வைத்திருக்கிறாள்' என்றால், கோடை விடுமுறை வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் மிச்சிகனில் தனியாக இருக்கிறான். மனசு சரியில்லை என்கிறான். இங்கே மதுரையில் அவன் வளர்த்த சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. இ.எஸ்.ஏ. லெட்டர் வாங்கினால் விமானத்தில் அவன் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கூட்டிப் போகலாமாமே?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: அந்தக் காலம் முடிந்துவிட்டது ஐயா. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் புது விதி 2021 ஜனவரி 11-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இ.எஸ்.ஏ. விலங்கைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. உடலிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவருக்கு உதவும் குறிப்பிட்ட காரியங்களைச் செய்யப் பயிற்சி பெற்ற நாய்க்கு மட்டும் சலுகை தொடர்கிறது. மற்றவை செல்லப்பிராணிகள்தான். சிப்பிப்பாறை அளவுள்ள நாய் பெரும்பாலும் சரக்குப் பகுதியில்தான் வர முடியும்.

அதைவிடப் பெரிய தடை ரேபிஸ். நாய்வழி ரேபிஸ் அதிகம் உள்ள நாடாக இந்தியாவை அமெரிக்கா வகைப்படுத்தியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகள் இறுகிவிட்டன. நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும். இந்தியாவில் தடுப்பூசி போட்ட நாய் என்றால் அரசுக் கால்நடை அதிகாரி சான்றளித்த படிவம் வேண்டும். அங்கீகரித்த விமான நிலையத்தில், அங்குள்ள பரிசோதனை மையத்தில் முன்பதிவு செய்துதான் இறக்க முடியும். அங்கீகரித்த ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்து வராவிட்டால் 28 நாள் தனிமைப்படுத்துவார்கள். எல்லாம் சேர்ந்து பல மாத வேலை, பெரும் செலவு.

நாயையும் நினைத்துப் பாருங்கள். முயல் விரட்டி வளர்ந்த இனம், உடம்பில் ரோமமே இல்லாததுபோல இருக்கும். மிச்சிகன் பனியில், பகலெல்லாம் பூட்டிய ஒற்றை அறையில் அது என்ன பாடுபடும்? மகனுக்கு இப்போது தேவைப்படுவது வாராவாரம் பேச ஒரு தெரபிஸ்ட். 'மனசு சரியில்லை' என்று உங்களிடம் சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறானே, அதுவே பெரிய விஷயம். நாயைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு அங்கேயிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம். குடியிருப்பவர் இரண்டு நாய் கொண்டுவந்துவிட்டு, தங்க முத்திரை போட்ட சான்றிதழ் ஒன்றையும் அடையாள அட்டையையும் நீட்டுகிறார். ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகம். நான் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?
– வீட்டு உரிமையாளர், அட்லாண்டா

பதில்: சான்றிதழையும் அட்டையையும் ஒதுக்கிவிட்டு, லைசென்ஸ் உள்ள ஒருவர் எழுதிய லெட்டரை மரியாதையாகக் கேளுங்கள். லைசென்ஸ் எண்ணை மாநில போர்டின் இணையதளத்தில் சரிபாருங்கள். இரண்டு நாய் என்றால் இரண்டும் ஏன் தேவை என்பதற்கு ஆதாரம் கேட்கலாம்.

என்ன நோய் என்று கேட்கக் கூடாது. மருந்துச் சீட்டு, பதிவேடு கேட்கக் கூடாது. 'நாய் என்ன வித்தை செய்யும், காட்டு' என்றும் கேட்கக் கூடாது. இ.எஸ்.ஏ.-வுக்குப் பயிற்சி தேவையில்லை. நாயின் இனத்தை வைத்து மறுக்க முடியாது. அந்தக் குறிப்பிட்ட நாய் யாரையாவது கடித்த, துரத்திய ஆதாரம் இருந்தால் மறுக்கலாம்.

ஓனர் தானும் குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும், மூன்றுக்கு மேல் தனி வீடுகள் இல்லாதவர் புரோக்கர் இல்லாமல் நேரடியாக விடும் வீட்டுக்கும் மத்தியச் சட்டத்தில் விலக்கு உண்டு. ரியல்ட்டர் மூலம் விட்டிருந்தால் இரண்டாவது விலக்கு போய்விடும். மாநிலச் சட்டம் வேறாகவும் இருக்கலாம். 'முடியாது' என்று எழுதி அனுப்பும் முன் வக்கீலைக் கேளுங்கள். குடியிருப்பவர் வீட்டுவசதித் துறையில் ஓராண்டுக்குள் புகார் தரலாம், இரண்டாண்டுக்குள் வழக்கும் போடலாம்.

சந்தேகம் இருப்பது நியாயம்தான். போலி லெட்டர்கள் பெருகியதால் முதலில் அடிபடுவது உண்மையாகவே தேவைப்படுபவர்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டால் உங்கள் குடியிருப்பவர் எந்த வகை என்பது தானே தெரிந்துவிடும்.

கேள்வி: இரண்டு வருஷமாகப் பார்க்கும் தெரபிஸ்ட் லெட்டர் தர மறுத்துவிட்டார். துரோகம் செய்துவிட்டதுபோல இருக்கிறது. வேறு ஆளைப் பார்க்கவா?
– வாசகி, இல்லினாய்

பதில்: அதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, பொறுப்புச் சிக்கல். சிகிச்சை தருபவர் உங்கள் பக்கம் நிற்பவர். சான்று எழுதுபவர் நடுநிலையில் நின்று தீர்ப்புச் சொல்பவர். ஒரே ஆள் இரண்டும் செய்தால் சிகிச்சை கெடும் என்று நினைக்கும் உளவியலாளர்கள் உண்டு. அப்படியானால் மதிப்பீட்டை மட்டும் செய்யும் வேறொருவரை அவரே பரிந்துரைப்பார். உங்கள் அனுமதியோடு குறிப்புகளையும் அனுப்புவார்.

இரண்டு, இதில் தனக்குப் பயிற்சி இல்லை என்று அவர் கருதலாம். விலங்கைப் பற்றி எதுவும் தெரியாமல் கையெழுத்துப் போட மறுப்பது நேர்மை.

மூன்றாவதுதான் கேட்கக் கசப்பானது. உங்கள் நிலைமை சட்டம் சொல்லும் அளவுக்கு முடக்கவில்லை என்றோ, விலங்கின் பங்கு அவ்வளவு இல்லை என்றோ அவர் நினைக்கலாம். நாயைச் சாக்காக வைத்து வெளியே போவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. அங்கே விலங்கு நோயைத் தணிக்காமல் நோய்க்குத் துணைபோகிறது. இரண்டு வருஷம் உங்களைப் பார்த்தவர் அப்படிச் சொன்னால் அதில் சிகிச்சைக்கான சேதி இருக்கிறது. அடுத்த அமர்வை அதைப் பேசவே வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் உடன்பாடு இல்லையென்றால் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. கேட்கும்போது முதலாமவர் மறுத்ததை மறைக்க வேண்டாம்.

கேள்வி: இதெல்லாம் நம் ஊரில் உண்டா? அண்ணாநகரில் எங்கள் ஃப்ளாட் அசோசியேஷன் நாயை வெளியேற்றச் சொல்கிறது. மனநல மருத்துவரிடம் லெட்டர் வாங்கினால் உதவுமா?
– வாசகி, சென்னை

பதில்: இந்தியச் சட்டத்தில் இ.எஸ்.ஏ. என்ற ஏற்பாடு கிடையாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் சேர்த்திருக்கிறது. ஆனால் துணை விலங்கு பற்றி அதில் விதி இல்லை. அமெரிக்க லெட்டரைப் பார்த்து இங்கே ஒன்று எழுதி வாங்குவதில் பயனில்லை.

உங்களுக்கு அது தேவையும் இல்லை. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தியும்கூட நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. சொந்த ஃப்ளாட் என்றால் அதன் நகலோடு, மாநகராட்சியில் எடுத்த நாய் லைசென்ஸையும் தடுப்பூசிச் சான்றையும் இணைத்து எழுத்தில் பதில் கொடுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரோடு போட்ட ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். நாய் அசுத்தம் செய்தால் அள்ளிவிடுவதும் லிஃப்டில் கயிறு கட்டிக் கூட்டிப் போவதும் எந்த லெட்டரையும்விட வேகமாக வேலை செய்யும்.

மனசுக்குச் சிரமம் என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு நாயைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

உடனடி உதவிக்கு: அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலி மானஸ் 14416. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் இலவசம். டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம். வீட்டு அனுமதி மறுக்கப்பட்டதாகப் புகார் செய்ய அமெரிக்க வீட்டுவசதித் துறையின் எண் 1-800-669-9777.